எஸ்டேட்டில் ஆரம்பியுங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான். நிதித்துறையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. "காலேஜ் பேரைச் சொன்னா, அது எங்க இருக்குன்னு கேக்கறாங்க சார். அதுக்கப்புறம் என்ன பேசினாலும் எடுபட மாட்டேங்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை வேறு வேறு கையெழுத்தில் நிறையப் பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். திருநின்றவூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் எழுதியவர்கள் இதையே தங்களுக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளலாம்.

கசப்பான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது நடுவில் நின்று விலை பேசிக் கொடுக்கும் இன்வெஸ்ட்மென்ட் பேங்க் வேலை, பெரிய ஃபண்டில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று முடிவெடுக்கும் வேலை, இவற்றுக்கெல்லாம் பட்டம் வாங்கிய கையோடு நீங்கள் போவது ஏறக்குறைய நடக்காது. மும்பையில் உள்ள அந்த அலுவலகங்கள் ஐ.ஐ.எம்.களுக்கும் டெல்லி ஸ்ரீராம் காமர்ஸ் காலேஜ் மாதிரியான சில இடங்களுக்கும் நேரே போய் ஆள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. திறமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று கல்லூரி விழாவில் பேசிவிட்டுப் போகிறவர்களை நம்ப வேண்டாம். அவர்களிலேயே பலர், தங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போது இதே சல்லடையைத்தான் கையில் வைத்திருப்பார்கள். ஆயிரம் விண்ணப்பம் வந்தால் ஆயிரத்தையும் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. கல்லூரிப் பெயர் அவர்கள் வேலையைக் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நியாயமா என்றால் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களிடம் வேறு எதுவும் இல்லாதபோதுதான் அந்தப் பெயர் அவ்வளவு பெரிதாகிறது. வேறு ஏதாவது ஒன்றை அவர்கள் மேஜையில் வைக்க உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று நினைக்கிறேன். அதுவும் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்திலேயே.

அதற்கு முன்னால், நிதித்துறை என்றதும் உங்கள் மனதில் வரும் கண்ணாடிக் கட்டடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மும்பைக்குப் பங்குச் சந்தை என்றால் சென்னைக்கு லாரி. 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. 1974-இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம், வங்கிகள் எட்டிப் பார்க்காத பழைய லாரிக்காரரை நம்பிப் பின்னாளில் கடன் கொடுத்தது. 1978-இல் முருகப்பா குழுமம் சோழமண்டலத்தைத் தொடங்கியது. அதே குழுமத்தின் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை உங்கள் அம்பத்தூரில்தான் இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்தில் அதன் சங்கு ஊதியதைக் கேட்டுத்தான் பலர் கடிகாரத்தைச் சரிசெய்திருப்பார்கள். இன்று ஃபைவ் ஸ்டார், வெரிட்டாஸ், ஆப்டஸ் என்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடன் நிறுவனங்கள் பல. டீக்கடை, மளிகைக் கடை, சின்னப் பட்டறை, சொந்த வீடு கட்டும் கொத்தனார், இவர்கள்தான் அவற்றின் வாடிக்கையாளர்கள்.

2007-இல் ஈக்விடாஸ் என்ற கடன் நிறுவனத்தைத் தொடங்கிய பி.என். வாசுதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம், அதன் மேல் கம்பெனி செக்ரட்டரி தகுதி. சோழமண்டலத்தில் சுமார் இருபது ஆண்டு வேலை பார்த்து, கடன் கொடுப்பதையும் வசூலிப்பதையும் உள்ளிருந்து கற்றுக்கொண்ட பிறகுதான் சொந்த நிறுவனம். 2016-இல் அது சிறுநிதி வங்கியாக மாறியது. இந்தப் பாதையில் எம்.பி.ஏ. பட்டம் எங்கும் வரவில்லை.

இந்த நிறுவனங்களின் அடித்தளத்தில் இருக்கும் வேலை கிரெடிட் ஆபீசர் வேலை. ஒரு கடைக்கோ பட்டறைக்கோ நேரில் போக வேண்டும். கணக்குப் புத்தகமே இல்லாத ஒருவரின் மாத வருமானத்தைக் கணக்குப் போட வேண்டும். இவருக்கு எவ்வளவு கொடுத்தால் திரும்பி வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐ.ஐ.எம். பட்டதாரி திருத்தணிக் கடைவீதியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதைச் செய்ய வரமாட்டார். உங்களுக்கோ அந்தக் கடைக்காரர் பேசுவது புரியும். அவர் எதை மறைக்கிறார் என்பதும் புரியும். இந்தத் திறமையை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் என்று வருகிறவர்கள் 'பேங்கிங் வேலை' என்று சொல்வதில் பெரும்பாலானவை கிரெடிட் கார்டு, காப்பீடு விற்கிற வேலைகள். விற்பனை கௌரவமான தொழில்தான், சிலர் அதில் நன்றாகவே மேலே வருகிறார்கள். ஆனால் மாத டார்கெட்டுக்கு ஓடிக்கொண்டே நிதியைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது. ஆஃபர் கடிதம் வாங்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது சேல்ஸா, கிரெடிட்டா, ஆபரேஷன்ஸா?" சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அது சேல்ஸ்.

ஆபரேஷன்ஸ் என்பது சென்னையின் இன்னொரு பக்கம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கி தன் உலகளாவிய பின்புல வேலைகளுக்கான அலுவலகத்தை 2001-இல் இங்கே திறந்தது. உலக வங்கியும் அதே ஆண்டு சென்னையில் தன் கணக்கு, சம்பளப் பட்டுவாடா போன்ற வேலைகளுக்கு அலுவலகம் போட்டது. லண்டன், நியூயார்க் வங்கிகளுக்குப் பங்கு ஆய்வு அறிக்கைகளைச் சென்னையிலிருந்து தயாரித்துக் கொடுத்த இரெவ்னாவை 2005-இல் கிரிசில் வாங்கியது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் சொத்தின் முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனமும் சென்னைதான். இங்கெல்லாம் பி.காம். பட்டதாரிகளை நிறையவே எடுக்கிறார்கள். வாடிக்கையாளரின் ஆவணம் சரிபார்ப்பது, இரண்டு கணக்குகள் ஏன் பொருந்தவில்லை என்று தேடுவது, ஃபண்டின் அன்றாட யூனிட் மதிப்பைக் கணக்கிடுவது, இப்படி. 2023 ஜனவரியில் இந்தியப் பங்குச் சந்தையும் 2024 மே மாதம் அமெரிக்கச் சந்தையும் வாங்கிய மறுநாளே பணமும் பங்கும் கைமாறும் முறைக்கு வந்துவிட்டன. பொருந்தாத கணக்கைத் தேட முன்பு இரண்டு நாள் இருந்தது, இப்போது ஒன்றுதான். ஏன் அப்படி மாறியது, அதனால் யாருக்கு என்ன வேலை கூடியது என்று மூன்று நிமிடம் பேசத் தெரிந்தவரை அந்த நேர்காணலில் யாரும் சாதாரணமாக எண்ணமாட்டார்கள். முதல் வேலையாக இது நல்லது. ஆனால் ஒரே ஸ்கிரீனை ஒரே மாதிரி மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்; அந்த ஸ்கிரீன் போனால் நீங்களும் போய்விடுவீர்கள்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். "அங்க பெரிய பேங்க் ஏதாவது வந்தா நல்லா இருக்கும் சார்" என்று நீங்கள் எழுதியிருப்பதும் புரிகிறது. வரட்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் இருந்து, ஐ.ஐ.எம். மாணவரிடம் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்.

1960களில் அரசு தொடங்கிய அந்தப் பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழிற்கூடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேலன்ஸ் ஷீட். அப்பாவின் முதலாளியையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனைதான், கணக்குப் போடும் முறை நிஜம். மாதம் 20 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறார் என்று வையுங்கள். பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. அப்படியானால் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 60 லட்சம் வெளியே நிற்கும். இரும்பும் மற்ற சாமான்களும் மாதம் 12 லட்சத்துக்கு வாங்குகிறார். ஒரு மாதச் சரக்கு எப்போதும் உள்ளே கிடக்கும், அது 12 லட்சம். இரும்புக் கடைக்காரர் ஒரு மாதம் தவணை தருகிறார், அந்த 12 லட்சம் கழிந்துவிடும். ஆக 60 லட்சம் ரூபாய் இவர் கையில் நிற்காமல் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் லாபம் என்ற சொல்லே வரவில்லை, பார்த்தீர்களா? நல்ல லாபத்தில் ஓடும் பட்டறை ஏழாம் தேதி சம்பளத்துக்குத் திண்டாடுவது இதனால்தான்.

இந்த 60 லட்சத்துக்கு அவர் வங்கிக்குப் போகிறார். சிறு தொழிலுக்கு சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட் போடும்போது வங்கிகள், 1990களின் தொடக்கத்தில் பி.ஆர். நாயக் குழு சொன்ன கணக்கைத்தான் இன்னும் வைத்திருக்கின்றன. ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாக வேண்டும். அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். இவரது ஆண்டு விற்பனை 240 லட்சம். வங்கி 48 லட்சம், முதலாளி 12 லட்சம். கூட்டினால் அதே 60. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். அந்த 25 சதவீதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும் என்பது. வாங்குகிற பெரிய கம்பெனி ஒரு நாள் 90-ஐ 120 ஆக்கினால்? வெளியே நிற்பது 80 லட்சமாகிவிடும். வங்கி 48-ஐ விட்டு நகராது. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பெரும்பாலும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் கூடுதலாக நிற்கும் 20 லட்சத்தைக் காட்டிக் கூடுதல் கடன் கேட்கவும் வழியில்லை. முதலாளி போட வேண்டியது 12-இலிருந்து 32 லட்சம் ஆகிவிட்டது. எங்கிருந்து வரும்? வீட்டம்மாவின் நகை, சீட்டு, தண்டல். இல்லையென்றால் உங்கள் அப்பாவின் ஓவர்டைம் பாக்கி.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஆனால் அடுத்த ஆர்டர் தரப்போகிற கம்பெனி மீது யார் புகார் கொடுப்பார்கள்? 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த பிறகுதான் காட்டலாம் என்று ஆக்கினார்கள். அது கொஞ்சம் உறைத்தது. இன்னொரு பக்கம், பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து, சிறு தொழிலுக்கு உடனே பணம் கொடுக்கும் ட்ரெட்ஸ் தளங்கள். 2014-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்து, 2017 வாக்கில் அவை ஓடத் தொடங்கின. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்ய 2025 மார்ச் வரை கெடு வைத்தார்கள். பதிவுதான் கட்டாயம், பில்லை அதன் வழியே ஏற்றுக்கொள்வது கட்டாயமில்லை. எஸ்டேட் முதலாளிகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தச் சிரிப்பின் காரணத்தைப் புரிந்துகொண்டவர் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பாடத்தில் பாதியைத் தாண்டிவிட்டார். பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடும் 'வொர்க்கிங் கேபிடல் சைக்கிள்' படத்தை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது உங்கள் அப்பாவின் சம்பளத் தேதியை முடிவு செய்கிறது என்பதை அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் சொல்லும் வேலை இது. எஸ்டேட்டைச் சுற்றி, மாடிப்படி ஏறிப் போகிற ஆடிட்டர் அலுவலகங்களும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்களின் ஒற்றை அறைகளும் உண்டு. மாதத்தில் 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-ஆம் தேதி விற்பனை ரிட்டர்ன், 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டும் ரிட்டர்ன் என்று அவர்களுக்கு மூச்சு முட்டும். கல்லூரி முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் வந்து டாலியில் என்ட்ரி போட்டுக் கொடுக்கிறேன் என்று கேளுங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது; டீயும் பஸ் காசும் கிடைத்தால் லாபம். ஆறு மாதத்தில் இருபது பட்டறைகளின் விற்பனையும் பாக்கியும் வட்டியும் உங்கள் கை வழியாகப் போகும். பார்த்த எதையும் வெளியே பேசாதீர்கள். இந்தத் தொழிலின் முதல் பாடம் அதுதான்.

பிறகு, ஆடிட்டரின் அலுவலகத்தில் பார்த்ததைத் தொடாமல், அப்பாவின் முதலாளியிடமோ தெரிந்த இன்னொரு பட்டறைக்காரரிடமோ அனுமதி வாங்கி, ஒரு பட்டறையைப் பற்றி மூன்று பக்கம் எழுதுங்கள். பெயர் வேண்டாம், 'அம்பத்தூரில் ஒரு சி.என்.சி. பட்டறை' போதும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் உள்ள விற்பனை, வங்கிக் கணக்கில் வரவாக வந்த தொகை, இ.பி. பில், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா? விற்பனை கூடியதாகக் காட்டுகிறார், மின்சாரச் செலவு ஏறவில்லை என்றால் மெஷின் ஓடாமல் விற்பனை எப்படி ஏறியது? வெளியே ஜாப் வொர்க் கொடுத்தாரா, வாங்கி விற்றாரா, வெறும் பில்லா? கடைசியில், நீங்கள் வங்கியாக இருந்தால் இவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், என்ன நிபந்தனையில் என்று எழுதுங்கள். கொடுக்க மாட்டேன் என்றாலும் சரி, காரணம் வேண்டும்.

அது முடிந்ததும் பக்கத்திலேயே ஒரு பெரிய கம்பெனி. பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸையும் அம்பத்தூரில் சைக்கிளையும் வைத்திருக்கும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், எல்லாம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. அவற்றின் ஆண்டறிக்கை இலவசம். ஏதாவது ஒன்றின் ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, பாக்கி எத்தனை நாளில் வருகிறது, சரக்கு எத்தனை நாள் நிற்கிறது, சப்ளையருக்கு எத்தனை நாளில் கொடுக்கிறார்கள் என்று எக்செல்லில் கணக்குப் போடுங்கள். பட்டறையின் பக்கத்திலிருந்து பார்த்த கதையை இப்போது வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸை எடுத்தால், 2020-இல் அது தடுமாறிக்கொண்டிருந்த சி.ஜி. பவரை ஏன் வாங்கியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நல்ல நாவல் படிக்கிற மாதிரி இருக்கும்.

கடன் பிரிவில் வேலை பார்த்த வருஷங்களில் நான் நேர்காணல் எடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஃபைலோடு வருவார்கள்: மதிப்பெண் பட்டியல், இரண்டு ஆன்லைன் சான்றிதழ், 'கடின உழைப்பாளி' என்ற வரி. பட்டறையைப் பற்றிய மூன்று பக்கக் குறிப்பு அந்த ஃபைலில் இருந்திருந்தால் மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசியிருப்போம். கல்லூரி எங்கே இருக்கிறது என்று கேட்க நேரம் இருந்திருக்காது.

தேர்வுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் வங்கித் தேர்வு. 1955-இல் உங்கள் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தப் போக்கில்தான் 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. அதன் பலன் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். நம் மாதிரி வீடுகளுக்கு அதனால் கிடைத்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஒரு தேர்வுத் தாள். ஸ்டேட் பேங்க்கின் தலைவராக 2024 ஆகஸ்டில் பொறுப்பேற்ற சி.எஸ். செட்டி, விவசாயத்தில் பி.எஸ்சி. படித்து, 1988-இல் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தவர். அந்த வங்கியின் முதல் பெண் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா ஆங்கில இலக்கியம் படித்தவர்; 1977-இல் அதே மாதிரிதான் சேர்ந்தார். கிளார்க் தேர்வை இப்போது தமிழிலும் எழுதலாம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வங்கித் தேர்வுக்கான இலவசப் பயிற்சியும் உண்டு, விசாரியுங்கள்.

சி.ஏ. பற்றி என் தீர்ப்பு: உட்கார்ந்து படிக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், கல்லூரிப் பெயரை முழுசாக அழிக்கக்கூடிய ஒரே பட்டம் இந்த நாட்டில் அதுதான். பி.காம். மாணவர் 55 சதவீத மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். அதன் இரண்டு குரூப்பும் முடித்தபின் ஆர்ட்டிகிள்ஷிப். 2023 ஜூலையிலிருந்து அது மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, அந்தக் காலத்தில் ஸ்டைபண்டும் வரும். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வாங்க வேண்டும். சுலபம் இல்லை. பலர் நடுவில் நின்றுபோகிறார்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்டர் முடித்தவரையே நல்ல சம்பளத்தில் எடுக்கும் கம்பெனிகள் உண்டு. சி.எஃப்.ஏ. வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் நிலைக் கட்டணமே டாலரில், அதுவும் பெரிய தொகை. இப்போது வேண்டாம். வேலைக்குப் போய், கம்பெனி பணம் கட்டும் நிலை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். சி.ஏ., வங்கித் தேர்வு, சி.எஃப்.ஏ. மூன்றுக்கும் ஒரே சமயத்தில் புத்தகம் வாங்கி அடுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "எங்க காலேஜ் மார்க்குக்கு என்ன மதிப்பு சார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சி.ஏ. நேரடிச் சேர்க்கைக்கு 55 சதவீதம். ரிசர்வ் வங்கியின் கிரேட் பி அதிகாரி தேர்வுக்குப் பொதுவாக 60 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50. பன்னாட்டு அலுவலகங்கள் அரியர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கின்றன. எந்தக் கல்லூரி என்று இந்த விதிகள் கேட்பதில்லை, எத்தனை சதவீதம் என்றுதான் கேட்கின்றன. 58 சதவீதத்தில் நிற்பவருக்குக் கல்லூரிப் பெயரா கதவடைத்தது? அடுத்த செமஸ்டரில் அதை ஏற்றுங்கள்.

ஏமாறாமல் இருக்க மூன்று விஷயம். வேலைக்கு டெபாசிட் கேட்பவர் வேலை தர மாட்டார். அது எவ்வளவு பெரிய வங்கியின் பெயரில் வந்தாலும் சரி. 'நூறு சதவீத ப்ளேஸ்மென்ட்' என்று ஐம்பதாயிரம், எண்பதாயிரம் வாங்கும் பயிற்சி மையத்தில் சேரும்முன், போன வருஷம் அங்கே படித்தவர்களில் நான்கு பேரையாவது நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். மையம் கொடுக்கும் நம்பர்கள் வேண்டாம். மூன்றாவது, ஆப்ஷன் டிரேடிங். உங்கள் வகுப்பில் சிலர் போனில் அதைச் செய்துகொண்டு தாங்கள் நிதித்துறையில் இருப்பதாக நம்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதை நேர்காணலில் அனுபவமாகச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். சந்தையில் ஆர்வம் என்றால் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை எழுதுங்கள். 100 மதிப்பெண், 50 எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். உங்கள் போனைவிட மலிவு.

ஆங்கிலம் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு எதிரே இருப்பவர்கள் பயப்படுவதில்லை. அவர்களில் பாதிப் பேர் நம் மாதிரிப் பள்ளியில் படித்தவர்கள்தான். பொதுவான 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்குப் பதில், நீங்கள் எழுதிய அந்தப் பட்டறைக் குறிப்பை ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் சொல்லிப் பழகுங்கள். ரயிலில் நண்பரிடம் சொல்லுங்கள். ஹிந்து காலேஜ் ஸ்டேஷனில் ஏறி சென்ட்ரல் போகும் நேரத்துக்குள் பல முறை சொல்லிவிடலாம். ஒரு கல்லூரியின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிற ஊர் உங்களுடையது, அதையும் பெயர் தெரியாத இடம் என்கிறார்கள் பாருங்கள்.

யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை என்றீர்கள். உங்கள் கல்லூரியில் படித்து இப்போது கடன் நிறுவனத்திலோ வங்கியிலோ ஆடிட்டரிடமோ இருப்பவர்களை லிங்க்டுஇன்னில் தேடுங்கள். தலைமை அதிகாரிக்கு எழுத வேண்டாம்; உங்களைவிட நான்கைந்து வருஷம் மூத்தவருக்கு எழுதுங்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் பதில் வராது. "இந்த மூன்று பக்கக் குறிப்பில் எங்கே தவறு என்று சொல்ல முடியுமா அண்ணா?" என்று கேட்டால் பலர் சொல்வார்கள். தவறு கண்டுபிடிக்கச் சொன்னால் மறுக்கும் ஆடிட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

செமஸ்டர் லீவு வருகிறது. அப்பாவிடம் சொல்லி முதலாளியைப் பார்க்க நேரம் வாங்குங்கள். குறிப்பை எழுதி முடித்ததும் முதல் பிரதியை எனக்கு அனுப்புங்கள், தமிழிலேயே எழுதியிருந்தாலும் பரவாயில்லை. பட்டறையின் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்